ஊமை சொன்ன கணக்கு

கூடுவாஞ்சேரியில் ஊமையைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகுதான், அவனிடம் எதையும் கேட்க முடியாது என்பது உதவியாளன் தனசிங்குக்கு உறைத்தது.

"மேடம், காது கேக்காது. பேச்சு வராது. எழுதப் படிக்கத் தெரியாது. இவரை விசாரிக்கறதுக்கு நம்ம ஸ்கூட்டரை விசாரிக்கலாம். அதுவாவது அப்பப்ப இருமும்."

கனகவல்லி சிரிக்கவில்லை. பதினான்கு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு, ஒருநாள் வேலையை உதறி, மேற்குத் தாம்பரத்தில் பார்சல் ஆபீஸ் மாடியில் துப்பறியும் நிறுவனம் தொடங்கியவள் அவள். கேட்பதுதான் அவள் தொழில். இங்கே கேட்க ஒன்றுமில்லை.

பிளாட் போட்ட வயலின் நடுவில், எல்லைக் கற்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தான் குப்புராஜ். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் நீலப் புள்ளிகள், பச்சை குத்தியது மாதிரி. வலது கையில் ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் ஒரு மொட்டை.

கனகவல்லி, காணாமல் போன உமரின் போட்டோவைக் காட்டினாள். குப்புராஜ் பார்த்தான். வேகமாகத் தலையாட்டினான். எழுந்து வடக்கே கை நீட்டினான். பிறகு இடது கை விரலை உதட்டின் மேல் வைத்தான். வலது கையைத் தூக்கி, கட்டை விரலை மடக்கிக் காட்டினான். கடைசியில் கன்னத்தை உப்பி, இரண்டு கைகளையும் படாரென்று விரித்தான்.

"புரிஞ்சுது மேடம்," என்றான் தனசிங். "நான் ஊமை. எனக்கு மூணு பசங்க. சாப்பிட்டு வயிறு உப்பிக் கிடக்குதுங்க."

குப்புராஜ் மறுபடியும் செய்தான். வடக்கு. உதட்டில் விரல். மூன்று. படார். இந்த முறை தனசிங்கின் நெஞ்சில் தட்டித் தட்டிச் சொன்னான். தனசிங் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். குப்புராஜ் கையை உருவிக்கொண்டு, இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். முட்டாள்களோடு பேசி அலுத்தவன் உட்காரும் விதம் அது.

மணி பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை. உமர் காணாமல் போய் இரண்டு நாள் முழுதாக முடிந்து மூன்றாவது நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அவனைத் தேடச் சொன்னது அவன் அக்கா அக்தர் பேகம். முந்தின நாள் சாயங்காலம் வந்து, நாற்காலியில் உட்காராமலேயே பேசினாள்.

"ஸ்டூடியோவுல டார்க் ரூம் வேலை மேடம். வெள்ளிக்கிழமை லீவு. லீவு நாள்ல மத்த பசங்க சினிமாவுக்குப் போவாங்க. இவன் கைவிட்ட கல்குவாரில இறங்குவான். பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பையன் எங்கேன்னு கேட்டா, பாறைக்குழியில இருக்கான்னா சொல்றது?"

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"வயசுப் பையன், தானா வருவான்னாங்க. சைக்கிள்லதான் போனான். சைக்கிளும் வரலை. மேடம், எங்கம்மாவுக்கு இன்னும் நான் சொல்லலை. செங்கல்பட்டு போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு மேல அந்தப் பொய் தாங்காது."

அவள் கொடுத்துவிட்டுப் போனது ஒரு நோட்டுப் புத்தகம். அஸ்தினாபுரத்துக்கு அப்பால் மலைக்குன்றுகளை அடுத்துக் கிடக்கும் ஒன்பது குழிகள் அதில் இருந்தன. கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்த ஆழம், அடிக்கணக்கில். பக்கத்தில் எச்சரிக்கைகள். 'மழைக்கு மறுநாள் விளிம்பில் நிற்கக் கூடாது.' 'பச்சைத் தண்ணீர், அடியில் பழைய கம்பி.' 'மேல் பாறை பிளந்திருக்கிறது, சத்தம் போடாதே.' இவ்வளவு தெரிந்த ஒருவன் மழை பெய்த வியாழனுக்கு மறுநாள் போயிருக்கிறான். கடைசிப் பக்கத்தில் வியாழக்கிழமை தேதி போட்டு மூன்று வரி:

'ஊமையைப் பார்த்தாச்சு. நாளைக்குப் போட்டோ. அதுக்கு அப்புறம் எவனும் பொய் சொல்ல முடியாது.'

எந்தக் குழி என்று எழுதவில்லை.

ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது குழிகளின் விளிம்பிலும் நடந்தார்கள். எட்டில் தண்ணீரும் ஆடும் இருந்தன. ஏழாம் நம்பர் குழியில் மட்டும் லாரிகள் வரிசையாக வந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. 'ஹில்வியூ நகர்' என்ற போர்டு. அதன் கீழே அம்பாசடர் கார். காருக்குள் அப்பாதுரை. ஒன்பது குழிகளையும் பதினோரு வருடம் குத்தகைக்கு எடுத்து நடத்திய குவாரி முதலாளி, இப்போது மனைப்பிரிவு முதலாளி. நல்ல மனிதராகப் பேசினார். இரண்டு கலர் சோடா வரவழைத்தார்.

"ஊமையா? அப்படின்னா நம்ம குப்புராஜாத்தான் இருக்கும் மேடம். என்கிட்ட வேலை பார்த்தவன். இப்ப கூடுவாஞ்சேரி சைட்ல வாட்ச்மேன். அவனைப் பிடிங்க, பையனைப் பிடிச்ச மாதிரி."

பிடித்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பும் வழியில் கூடுவாஞ்சேரி ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் போயிற்று. கேட் திறக்கவில்லை. இன்னொரு கூட்ஸ் போயிற்று. கனகவல்லி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பார்த்தால் கோபம்தான் வந்தது. வண்டலூர் தாண்டி ஸ்கூட்டர் ஒருமுறை நின்றது, பல்லாவரம் ரோட்டில் ஒருமுறை. அஸ்தினாபுரத்தைத் தாண்டிக் குன்றுப் பக்கம் திரும்பியதும் மூன்றாவது முறையாக நின்று, இனி உதைத்துப் பயனில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தனசிங் பிளக்கைக் கழற்றி ஊதினான். "ஏசு மூணாம் நாள் எழுந்தாரு. இது எழுந்திருக்காது மேடம்."

சாலையோரத்தில் கீற்று மறைப்பின் கீழே ஒரு பெண் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். அருகே கிரஷருக்கு ஞாயிறு விடுமுறை. அவளுக்கு இல்லை.

"இன்னாம்மே, வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டி மட்டுமா," என்றான் தனசிங். "காலைலேர்ந்து ஒரு ஊமையைத் தேடிப் போய் பொழுதே பேஜாராயிடுச்சு."

"ஊமையா?" அவள் சுத்தியலை நிறுத்தினாள். "எந்தக் குழி ஊமை?"

கனகவல்லி திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"எந்தக் குழில கீற ஊமைன்னு கேட்டேன். ஊமைன்னா ஆளுன்னு நெனச்சியா நீ?" அவள் சிரித்தாள். "வெடிக்காத வெடிம்மா. பாறைல தொளை போட்டு, மருந்து கெட்டிச்சு, திரியைக் கொளுத்திட்டு ஓடியாந்து நின்னு எண்ணுவாங்க. பத்து தொளைன்னா பத்து சத்தம் கேக்கணும். ஒம்போதுதான் கேட்டுச்சுன்னா ஒண்ணு ஊமை. அது எப்ப வாயத் தொறக்கும்னு எவனுக்கும் தெரியாது. எங்க வூட்டுக்காரர் அப்படித்தான் போனாரு. பதினெட்டு நாள் சும்மா கெடந்த ஊமை, இவரு கடப்பாரைய வெச்சதும் பேசிடுச்சு."

தனசிங்கின் கையிலிருந்த பிளக் கீழே விழுந்தது.

"இந்தப் பக்கத்துல ஊமை எந்தக் குழியில இருக்கு?" என்றாள் கனகவல்லி.

"ஏழாம் நம்பர். அத்தால தானே அத்த மூடுனாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு வேற."

"எத்தனை?"

"எனக்கு இன்னா தெரியும்? வெடிக்காரனுக்குத்தான் தெரியும். குப்புராஜு. வெடி ஒண்ணுல காதும் பேச்சும் பூட்ட ஆளு."

கனகவல்லி உதட்டில் விரலை வைத்தாள். குப்புராஜ் வைத்த மாதிரியே. அவன் தன்னைக் காட்டவில்லை. வடக்கே, குழியில், ஊமை, மூன்று, படார். தெள்ளத் தெளிவாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் வாயுள்ளவன்கூடச் சொல்ல முடியாது.

"தனசிங், பதினோரு வருஷம் குவாரி நடத்தின ஆளு. அவர்கிட்டப் போய் ஊமைன்னு சொன்னா, முதல்ல என்ன ஞாபகம் வரணும்?"

தனசிங் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். "நம்மளை அவர் ஊமைகிட்ட அனுப்பலை மேடம். ஊமையை விட்டுத் தூரமா அனுப்பியிருக்காரு."

"பேச முடியாத ஆளுகிட்ட அனுப்பினா செய்தி திரும்பாதுன்னு கணக்கு. அவன் பேசினான். நமக்குத்தான் காது கேக்கலை."

ஏழாம் நம்பர் குழி அங்கிருந்து அரை மைல். இருவரும் நடக்கத் தொடங்கியதும் அந்தப் பெண் சுத்தியலைச் சாக்கின் கீழே ஒளித்துவிட்டுப் பின்னால் வந்தாள்.

"நானும் வரேன். எங்க கால வெக்கறதுன்னு தெரியாம நீங்க ரெண்டு பேரும் பூடுவீங்க. என் பேரு கிளியம்மாள். செத்துப்பூட்டா எவன்னா கேப்பான், அதுக்குச் சொல்றேன்."

குழியின் மேற்கு விளிம்பில் நான்கு லாரிகள் நின்றன. முதல் லாரி பின்பக்கத்தைத் தூக்கியது. செங்கல்லும் சிமென்ட் பாளங்களும் சரிந்து இறங்கி, எண்பதடி கீழே தண்ணீரில் விழுந்தன. கிழக்குச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு கற்கள் அந்த அதிர்வில் பொலபொலவென்று உதிர்ந்தன. கிளியம்மாள் பல்லைக் கடித்தாள்.

தனசிங் டிரைவரிடம் ஓடினான். டிரைவர் முதலாளியைக் கேட்கச் சொன்னார். முதலாளி காரிலிருந்து இறங்கினார்.

"என்ன மேடம், கூடுவாஞ்சேரி போகலையா?"

"போனோம் சார். அவர் எல்லாம் சொல்லிட்டார்."

"யாரு?"

"ஊமை."

அப்பாதுரை வேட்டி நுனியைச் சரி செய்துகொண்டார். அதற்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

"லாரியை நிறுத்தச் சொல்லுங்க. கீழே ஆள் இருக்கான்," என்றாள் கனகவல்லி.

"யாரும் இல்லை மேடம். நாளைக்கு பூமி பூஜை. இன்னிக்குள்ள லெவல் பண்ணியாகணும். உங்களுக்கு சந்தேகம்னா போலீஸைக் கூட்டிட்டு வாங்க, நான் எங்கயும் ஓடிடப் போறதில்லை." அவர் அடுத்த லாரியைப் பார்த்துத் தலையசைத்தார்.

பக்கத்துக் கொட்டகைக்குப் பின்னால் போயிருந்த தனசிங் ஒரு தார்ப்பாயை இழுத்தான். அடியில் ஒரு சைக்கிள். பின் மட்கார்டில் வெள்ளை பெயின்ட்டில் 'உமர்' என்று எழுதியிருந்தது.

"சார், உங்க சைக்கிளா? பேரை மாத்திக்கிட்டீங்களா?"

அப்பாதுரை லாரிப் பக்கமே திரும்பிக்கொண்டார். இரண்டாவது லாரி பின்வாங்கி விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. போலீஸ் வர ஒரு மணி நேரம். அந்த லாரி கொட்ட ஒரு நிமிடம்.

"கிளியம்மா," என்றாள் கனகவல்லி. "வெடி வைக்கறதுக்கு முன்னாடி என்னன்னு கத்துவீங்க?"

கிளியம்மாள் அவளைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"வேட்டேய்... வேட்டு! வேட்டேய்... வேட்டு! வேட்டேய்... வேட்டு!"

டிரைவர்கள், கிளீனர்கள், மண் வாரிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் ஒரு காலத்தில் இந்தக் குழிகளில் வேலை பார்த்தவர்கள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. வேட்டுக் குரல் கேட்டால் இஞ்சினை அணைத்துவிட்டு ஓட வேண்டும் என்பது எலும்பில் ஏறிப்போன பழக்கம். லாரிகள் நின்ற இடத்தில், பாதையை அடைத்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாக நின்றன. அரை நிமிடத்தில் ஆளே இல்லை.

அப்பாதுரை மட்டும் நகரவில்லை. "இந்தக் குழியில வெடின்னு ஒண்ணு இருந்து ஆறு வருஷம் ஆச்சு. யாரை மேடம் ஏமாத்தறீங்க?"

"கொஞ்சம் பேசாம இருங்க சார்," என்றாள் கனகவல்லி. "நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

இஞ்சின் சத்தம் இல்லை. காற்று இருந்தது. தண்ணீரில் கடைசிச் செங்கல் ஒன்று மூழ்கும் சத்தம். அதற்குப் பிறகு, கிழக்குச் சுவரிலிருந்து, கல்லில் கல் மோதும் சத்தம்.

டொக். டொக். டொக்.

சமமான இடைவெளி விட்டு. தானாக விழும் கல் எண்ணிக்கொண்டு விழாது.

உமர் தண்ணீருக்கு இருபதடி மேலே, பாறை உள்ளே குடைந்திருந்த ஒரு திட்டில் கிடந்தான். மேலேயிருந்து பார்த்தால் தெரியாத இடம். அவன் இறங்கிய வழி சரிந்துபோயிருந்தது. கால் ஒன்று கோணலாக மடிந்திருந்தது. திட்டின் மழைத் தண்ணீர்தான் அவனை உயிரோடு வைத்திருந்தது. இரண்டு நாள் கத்திக் கத்திக் குரல் போய்விட்டது.

ஓடினவர்கள் கோபத்தோடு திரும்பி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டு லாரிக் கயிற்றை அவிழ்த்தார்கள். யார் இறங்குவது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் தனசிங்கைப் பார்த்தார்கள்.

"மேடம், நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவன்," என்று சொல்லிக்கொண்டே அவன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

கிளியம்மாள் விளிம்பில் குப்புறப் படுத்து வழி சொன்னாள். "எடது கால். அந்தக் கல்லு இல்ல, அது பொய்க்கல்லு. செவத்துல வெள்ளை பூத்த தொளை தெரியுதா? அதான் ஊமை. கை வெக்காத. மூச்சுகூட வுடாத."

"ஒண்ணு தாண்டிட்டேன்," என்றது கீழேயிருந்து தனசிங்கின் குரல். "ரெண்டு. மூணு. அவ்வளவுதானே? குப்புராஜ் அண்ணன் மூணுன்னுதான் சொன்னாரு."

ஒரு மணி நேரம் ஆயிற்று. கயிறு ஒருமுறை பாறை முனையில் சிக்கியது. ஒருமுறை தனசிங்கின் செருப்பு தண்ணீருக்குப் போயிற்று. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய அனுப்பிய கிளீனர் திரும்பி வந்து, போன் பூத் சாத்தியிருக்கிறது என்றான். அவனை மறுபடி வேறு பூத்துக்குத் துரத்தினாள் கனகவல்லி. இதற்கிடையில் மனைப்பிரிவுக்கு வந்த போர்வெல் லாரி ஒன்று, உள்ளே போகப் பாதை இல்லாமல் ஹாரன் அடித்துப் பார்த்து, போர்டுக்குக் கீழே சமதரையில் நின்றுகொண்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

உமரை மேலே கொண்டுவந்து சாக்கின் மேல் படுக்கவைத்தார்கள். கழுத்தில் கேமரா அப்படியே இருந்தது. அவன் பேச முயன்றான். காற்று மட்டும் வந்தது. பிறகு கையைத் தூக்கினான்.

நான்கு விரல்.

"மூணுப்பா," என்றான் தனசிங், மூச்சிரைத்தபடி. "நான் எண்ணிட்டுத்தான் வந்தேன்."

உமர் தலையை ஆட்டினான். இல்லை. நான்கு.

கனகவல்லி அந்தக் கையையே பார்த்தாள். கட்டை விரல் மடங்கியிருந்தது. குப்புராஜும் கட்டை விரலைத்தான் மடக்கினான். மிச்சம் நான்கு விரல் நிற்க வேண்டும். ஒன்று மொட்டை. அதனால் மூன்று தெரிந்தது. அவன் நான்கு என்று சொல்லியிருக்கிறான். அவனைப் பார்த்தவர்கள் கையை எண்ணாமல் விரலை எண்ணினார்கள்.

உமர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். பென்சிலில் வரைந்த குழி. குப்புராஜின் பழகாத கை போட்ட பெருக்கல் குறிகள். எழுதத் தெரியாதவனுக்குப் படம் வரையத் தெரியும் என்று உமருக்குத் தோன்றியிருக்கிறது. துப்பறியும் நிறுவனத்துக்குத் தோன்றவில்லை. மூன்று குறிகள் கிழக்குச் சுவரில். நான்காவது, குழிக்கு வெளியே, மேல் பாறையில். இப்போது மண் போட்டு மூடிச் சமமாக்கிய இடம்.

உமரின் விரல் அந்தத் திசையில் நீண்டது. போர்டு. அம்பாசடர். போர்வெல் லாரி. இஞ்சின் உறுமியது. துளையிடும் கம்பி நிமிர்ந்து, தரையை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது.

பாதை திறந்திருந்தால் அந்த லாரி உள்ளே போயிருக்கும். பாதையை அடைத்தது கனகவல்லியின் பொய்.

"வேட்டு!" என்று கத்தினாள். "வேட்டு! வேட்டு!"

ஒருவரும் அசையவில்லை. கயிறு சுற்றிக்கொண்டிருந்த டிரைவர் சிரித்தார். "போதும்மா. ஒரு தபா ஓடியாச்சு. அதான் பையன் வந்துட்டான் இல்ல."

ஆனால் அப்பாதுரை திரும்பிப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். அதன் கீழே இறங்கும் கம்பியைப் பார்த்தார். அவருடைய கார் கம்பியிலிருந்து பத்தடியில் நின்றது. காரை நோக்கி அவர் போகவில்லை. வேட்டியைத் தொடைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்த்திசையில், முள்வேலியைக் கிழித்துக்கொண்டு ஓடினார்.

முதலாளி ஓடுவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. சிரித்த டிரைவர் கயிற்றைப் போட்டார். நான்கு பேர் உமரைச் சாக்கோடு தூக்கினார்கள். தனசிங் ஒற்றைச் செருப்போடு போர்வெல் லாரியை நோக்கி, இரண்டு கையையும் ஆட்டியபடி எதிரே ஓடினான். ஆபரேட்டருக்கு வேட்டு தெரியாது. குவாரி தெரியாது. ஆனால் அத்தனை பேர் ஒரே பக்கம் ஓடுவது தெரிந்தது. நெம்புகோலை மேலே தள்ளிவிட்டுக் குதித்தான்.

கம்பி தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

தனசிங் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடம் எதுவென்று நினைவு வந்து எழுந்து, கால்விரல் நுனியில் நடந்து வந்தான்.

"மேடம், ஆறு வருஷமா வெடியே இல்லைன்னாரே."

"வாய் சொல்லுச்சு," என்றாள் கனகவல்லி. "நாம அவர் காலைக் கேட்டிருக்கணும்."

உமர் தோளால் சாக்கை உந்தி எழுந்து உட்கார்ந்தான். கேமராவை எடுத்தான். ரோலில் ஒரு படம் மிச்சம் இருந்தது. வேலிக்கு அப்பால் முள்ளில் சிக்கிய வேட்டியை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்த மனிதர் இன்னும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தார். உமர் கவனமாக ஃபோகஸ் செய்தான். டார்க் ரூம்காரனுக்கு அவசரம் கிடையாது.

கிளிக்.